சுரங்கம் மூடிய நிலத்தில் மழைநீர்

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுத்து முடித்து, பள்ளத்தை நிரப்பி, மேல்மண்ணைப் பரப்பிவிட்டாலும் அந்த நிலம் இன்னும் நிலைபெறவில்லை. மண்ணைப் பிடித்துவைக்க வேர் கிடையாது. கனரக வண்டிகள் ஓடியதால் அடிமண் இறுகிக் கிடக்கிறது. நீர் உள்ளே இறங்குவதில்லை. பெருமழையின் பெரிய துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதும்போது மண்கட்டி உடைந்து தூளாகிறது. அந்தத் தூள் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பில் ஓடு போல ஒரு படலம் உருவாகிறது. அதன்மேல் வழியும் நீர் முதலில் விரல் அகலக் கோடுகளைக் கீறும். அவை ஒன்றுசேர்ந்தால் சில மழைகளிலேயே ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும்.

அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கச் சட்டம் நிலத்தைச் சீரமைப்பதைச் சுரங்க நிறுவனத்தின் கடமையாக்கியது. அதன்கீழ் வந்த விதிகள் வண்டல் குட்டைகளையே பெரிதும் நம்பின. பொதுவாக, 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேரப் பெருமழையைக் கணக்கிட்டுக் குட்டை வெட்டப்படும். கலங்கல் நீர் அதில் தேங்கித் தெளிந்த பின் மறுகால் வழியே வெளியேறும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. தேங்கிய நீரில் துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 0.1 மில்லிமீட்டர் நுண்மணல் ஒரு மீட்டர் ஆழத்தைச் சுமார் இரண்டு நிமிடத்தில் கடக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமாகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ பத்து நாளுக்கு மேல் வேண்டும். அதுவரை எந்தக் குட்டையும் நீரைப் பிடித்துவைக்காது. ஆகவே, கிளம்பிவிட்ட மண்ணைக் கீழே பிடிப்பதைவிட மேலேயே கிளம்பாமல் தடுப்பதுதான் சரியான வழி.

மேற்கு மாநிலங்களின் வறண்ட நிலங்களில் இன்னொரு சிக்கலும் தெரியவந்தது. அங்கே மனிதர் கைபடாத ஓடைகளிலும் மழைக்காலத்தில் சேற்றுநீர்தான் ஓடும். குட்டையில் வண்டலை இழந்து தெளிந்து வரும் நீர், கீழே உள்ள ஓடையின் படுகையையும் கரையையும் அரிக்கத் தொடங்கியது. இதனால் 2002-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அப்பகுதியில் காரத்தன்மையுள்ள நீர் வெளியேறும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு விதியை மாற்றியது. வெளியேறும் வண்டல், சுரங்கம் வருமுன் அங்கிருந்த அளவைத் தாண்டாதபடி நிலத்திலேயே நடவடிக்கை எடுத்தால் போதும் என்றது.

நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் உள்ள லா பிளாட்டா சுரங்கம் இப்படி நிலத்திலேயே வண்டலைத் தடுப்பதில் முன்னோடி. வழக்கமான சீரமைப்பில் சரிவை நேர்க்கோட்டில் தட்டி, குறுக்கே படிக்கட்டு வரப்புகள் அமைத்து, நீரைக் கல் பதித்த வாய்க்காலில் இறக்குவார்கள். ஒரு வரப்பு உடைந்தால் அதன் நீர் முழுவதும் அடுத்த வரப்பில் மோதி அதையும் உடைக்கும். லா பிளாட்டாவில் கையாளப்பட்ட, நிலவடிவ வல்லுநர் நிக்கோலஸ் புகோஷ் உருவாக்கிய 'ஜியோஃப்ளுவ்' முறை, அருகே நிலைபெற்றுள்ள இயற்கை நிலத்தை அளந்து பார்க்கிறது. எவ்வளவு பரப்புக்கு எத்தனை ஓடை, வளைவு எவ்வளவு, முகட்டிலிருந்து ஓடை தொடங்கும் தூரம் என்ன என்ற கணக்குகளைக்கொண்டு மண்ணைக் குவிக்கிறது. சரிவு மேலே செங்குத்தாகவும் கீழே போகப்போகத் தணிந்தும் அமையும். கீழே நீர் பெருகும் இடத்தில் சாய்வு குறைவதால் அரிக்கும் விசை கூடுவதில்லை. பல சிற்றோடைகள் பங்கிட்டுக்கொள்வதால் எந்த ஒன்றிலும் நீர் மிகுதியாகச் சேர்வதுமில்லை. வடிவத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவது வீண்செலவல்ல. உடைந்த வரப்பை ஆண்டுதோறும் செப்பனிடுவதே பெருஞ்செலவு.

வடிவம் சரியானாலும் செடி பிடிக்கும்வரை மண்ணுக்குக் காப்பு வேண்டும். இறுகிய அடிமண்ணைக் கீறி உடைக்கிறார்கள். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் உழுகிறார்கள். ஒவ்வொரு சாலிலும் கொஞ்சம் நீர் தங்கி மண்ணுக்குள் இறங்கும். மேலே பரப்பும் வைக்கோல் மூடாக்கு துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அந்தந்த மண்ணுக்குரிய புல்லையும் புதரையும் பொதுவாக மூடாக்குக்கு முன்பே விதைத்துவிடுவார்கள்.

சீரமைப்புக்கு உறுதியாக நிறுவனம் கட்டிய பிணைத்தொகையை முழுதாகத் திரும்பப் பெற, கடைசி விதைப்பிலிருந்து பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆண்டு மழை 660 மில்லிமீட்டருக்கு மேற்படாத வறண்ட பகுதியில் 10 ஆண்டு. இடையில் பயிர் பிழைக்காமல் மறுபடி விதைத்தால் அந்த இடத்துக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். வண்டல் குட்டையையும் கடைசி விதைப்புக்குப் பின் 2 ஆண்டு கழியாமல் அகற்றக் கூடாது.