தாயகம் எது என்ற வழக்கு: யூதர்களுக்குள் சியோனிச எதிர்ப்பு

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கெனத் தனித் தாயகம் அமைய வேண்டும் என்னும் அரசியல் கொள்கையே சியோனிசம் எனப்படுகிறது. அக்கொள்கையைத் தொடக்கக் காலத்தில் உரக்க எதிர்த்தவர்களுள் யூத மதகுருமார்களும் இருந்தனர் என்பது இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. வியன்னா நகரப் பத்திரிகையாளர் தியோடர் ஹெர்சல் அதன் முதல் மாநாட்டை 1897இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கூட்ட எண்ணினார். அந்நகர யூதச் சமூகமும் ஜெர்மானிய ரப்பிகளும், அதாவது யூத மதகுருமார்களும், வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்ததால் மாநாட்டைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு மாற்ற நேர்ந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுக்கு இந்த உட்பூசல் எளிதில் கண்ணில் படுவதில்லை. மலேசியாவுக்கு இஸ்ரேலுடன் தூதரக உறவு இல்லை. கடப்பிதழிலேயே அந்நாடு விலக்கப்பட்டிருக்கிறது. பினாங்கின் நாகூர் சாலையில் 1929இல் திறக்கப்பட்ட ஜெப ஆலயம் 1976இல் மூடப்பட்டுவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க நாட்டுக்குள் ஒரு யூதச் சபையும் இல்லை. ஆகவே 2023 அக்டோபரில் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்தது போன்ற பாலஸ்தீன ஆதரவுப் பேரணிகளின் காலத்தில், ஓர் அரசின் மீதான கோபம் ஒரு மதத்தினர் அனைவர் மீதும் பாய்வதைத் தடுக்கக்கூடிய நேரடி அறிமுகம் இங்கு எவருக்கும் வாய்ப்பதில்லை.

எருசலேம் திசை நோக்கித் தொழுவதும் அந்நகருக்குத் திரும்பும் நாளுக்காக வேண்டுவதும் யூத வழிபாட்டில் மிகப் பழைய வழக்கங்கள். அத்திரும்புதலை இறைவன் அனுப்பும் மீட்பரே நிகழ்த்துவார் என ஆசாரவாதிகள் நம்பினர். யூதம் ஒரு மதம் மட்டுமே, தனித் தேசிய இனம் அன்று எனச் சீர்திருத்தப் பிரிவினர் 1885ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க் அறிக்கையில் எழுதிவைத்தனர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தரப்பும் சியோனிசத்தை மறுப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் அக்கொள்கை வழிபாட்டுக்குள்ளேயே இடம்பிடித்தது. பாலஸ்தீனத்தில் நிலம் வாங்குவதற்காக நிறுவப்பட்ட யூத தேசிய நிதியத்தின் நீல நிறத் தகர உண்டியல் வீடுதோறும் பள்ளிதோறும் வைக்கப்பட்டது. 1948க்குப் பிறகு இஸ்ரேல் நாட்டுக்கான வேண்டுதல் பல ஆலயங்களில் ஓய்வுநாள் தொழுகையில் சேர்க்கப்பட்டது. அந்த உண்டியலில் காசு போட்டு வளர்ந்த பிள்ளை பின்னாளில் அரசியலை மறுக்க முற்படும்போது, மதத்தையே மறுப்பதாகக் குடும்பத்தார் கருதுவதற்கு இதுவே காரணம்.

இப்பூசலின் முழு வடிவத்தை 1917ஆம் ஆண்டு இலண்டனில் காணலாம். பிரிட்டிஷ் யூதர்களின் தலைமை அமைப்பான பிரதிநிதிகள் சபையின் தலைவர் டேவிட் அலெக்ஸாண்டர், அறிஞர் கிளாட் மான்டிஃபியோருடன் இணைந்து, சியோனிசத்தை மறுக்கும் கடிதம் ஒன்றை மே 24ஆம் நாள் ‘டைம்ஸ்’ நாளிதழில் வெளியிட்டார். ஜூன் 17ஆம் நாள் கூடிய சபை 56க்கு 51 என்ற வாக்குகளில் அக்கடிதத்தைக் கண்டித்தது. அலெக்ஸாண்டர் பதவி விலகினார். ஒரு சமூகத்தின் குரலாகப் பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது ஐந்து வாக்கு வேறுபாட்டில் நின்றிருக்கிறது.

அதே ஆண்டு அமைச்சரவையிலும் ஒரு யூதர் எதிர்த்து நின்றார். அவர் இந்தியாவில் இரட்டை ஆட்சி முறையைக் கொணர்ந்த மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் தமிழர் அறிந்த எட்வின் மாண்டேகு. அவர் தந்தை சாமுவேல் மாண்டேகு செல்வர், ஆசாரம் வழுவாதவர், 1887இல் ஜெப ஆலயங்களின் கூட்டமைப்பை நிறுவியவர், மதத்தைக் கைவிடும் பிள்ளைக்குச் சொத்தில்லை என உயில் எழுதியவர். தந்தையின் ஆசாரங்களை மகன் பின்பற்றவில்லை. ஆனால் சியோனிசத்தை அவர் எதிர்த்தது, தாம் யூதர் என்பதை மறைக்க முயன்றதால் அன்று. இந்தியத் துறை அமைச்சரான சில வாரங்களில், 1917 ஆகஸ்டில், தம் அரசே யூத வெறுப்புக்கு இடமளிக்கிறது எனக் குற்றஞ்சாட்டும் குறிப்பொன்றை அமைச்சரவையில் சமர்ப்பித்தார். யூதர்களுக்கெனத் தனிநாடு ஒன்று அறிவிக்கப்பட்டால் மற்ற நாடுகள் தம் யூதக் குடிமக்களை அயலாராகக் கருதி அங்கே போகச் சொல்லும் என்பதும், பாலஸ்தீனத்தின் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தம் மண்ணிலேயே வேற்றாராக்கப்படுவர் என்பதும் அவர் வாதம். அவருடைய பெரியப்பா மகன் ஹெர்பர்ட் சாமுவேலோ யூதக் குடியேற்றத்தை ஆதரித்து 1915லேயே அமைச்சரவைக்குக் குறிப்பு அளித்தவர். 1920இல் பாலஸ்தீனத்தின் முதல் பிரிட்டிஷ் உயர் ஆணையராகப் பதவியேற்றவரும் அவரே.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைவதைப் பிரிட்டிஷ் அரசு ஆதரிப்பதாக அறிவித்த பால்ஃபர் பிரகடனம் 1917 நவம்பர் 2ஆம் நாள் வெளியானபோது மாண்டேகு இந்தியாவுக்கு வரும் வழியில் இருந்தார். பிரகடனத்தை அவரால் தடுக்க முடியவில்லை. ஆயினும் மற்ற நாடுகளில் யூதர்கள் பெற்றுள்ள உரிமைகளுக்கும் அரசியல் நிலைக்கும் ஊறு நேரக்கூடாது என்னும் வாசகம் அதில் சேர்ந்ததற்கு அவர் போன்றோரின் எதிர்ப்பே காரணம்.

மாண்டேகுவின் முதல் அச்சத்தைப் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1946இல் கோலாலம்பூரில் தோன்றிய ம.இ.கா. என்னும் மலாயா இந்தியக் காங்கிரஸ் கட்சி தொடக்கத்தில் இந்திய விடுதலையையே நோக்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி அடுத்த ஆண்டே மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியானார். வேர் எங்கே, குடி எங்கே என்ற கேள்விக்கு விடை காண அக்கட்சிக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1969 இனக் கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல காலம் இங்கே பால்மரம் சீவியவர்களில் பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். தங்கியவர்களிலும் பலர் நெடுங்காலம் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையுடனேயே வாழ்ந்தனர். தாயகம் என்ற ஒன்று கடலுக்கு அப்பால் இருப்பதாகப் பிறர் நம்புவதே ஒருவரின் குடியுரிமையைத் தளர்த்திவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனினும் மாண்டேகுவின் வாதம் முழுவதையும் வரலாறு மெய்ப்பிக்கவில்லை. தாம் முதலில் ஜெர்மானியர், பிறகே யூதர் என்று நம்பிய குடும்பங்களையும் ஹிட்லரின் ஆட்சி விட்டுவைக்கவில்லை. ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டபோது தப்பியோடியவர்களுக்குப் பெரும்பாலான நாடுகள் கதவடைத்தன. சபைகளுக்குள் எதிர்ப்புக்குரல் ஒடுங்கியதற்கு இந்த அனுபவமே முதற்காரணம். அதை வெறும் பிரசார வெற்றி என ஒதுக்குவது நியாயமாகாது. மறுபுறம், 1948 போரில் சுமார் 7 இலட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தபோது அவருடைய இரண்டாவது எச்சரிக்கை பலித்தது.

இன்று அந்த எதிர்ப்புக்குரல் மீண்டும் எழும் இடம் அமெரிக்கா. சிகாகோவை அடுத்த எவன்ஸ்டன் நகர ஆலயத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய ரப்பி பிராண்ட் ரோசன், 2008 இறுதியில் காஸா மீது இஸ்ரேல் தொடங்கிய தாக்குதலுக்குப் பின் சியோனிசத்திலிருந்து வெளிப்படையாக விலகினார். அவர் நிலைப்பாட்டால் சபை பிளவுபடும் நிலை வந்தபோது 2014இல் பொறுப்பைத் துறந்தார். இத்தகையோர் வீட்டில் தனியே தொழுதுகொள்ளலாமே என மற்ற சமயத்தார் எண்ணக்கூடும். ஆனால் யூத மரபில் முக்கியமான கூட்டு வேண்டுதல்களுக்கும், இறந்த பெற்றோருக்காகச் சொல்லும் கதீஷ் வேண்டுதலுக்கும் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சபையோடு முரண்படுபவர் மௌனமாக அதிலேயே அமர்ந்திருக்க வேண்டும். அல்லது மேலும் ஒன்பது பேரைத் தேட வேண்டும். ரோசன் 2015இல் ‘ட்செடெக் சிகாகோ’ என்ற புதிய சபையை நிறுவினார்; 2022இல் அச்சபை சியோனிச எதிர்ப்பைத் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாக ஏற்றது.