இதய சிகிச்சையில் செயற்கை நுண்ணறிவு: எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, சிட்லபாக்கத்தைச் சேர்ந்த 62 வயதுப் பெரியவர் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அவருடைய அனுமதியுடன் இதை எழுதுகிறேன். இரவு இரண்டு மணிக்கே நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போன்ற வலியும் வியர்வையும் தொடங்கியிருந்தன. வாயுத் தொல்லை என்று கருதி, வயிற்றெரிச்சலுக்கான மருந்தைக் குடித்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகலாம் என்று மனைவி வற்புறுத்தியபோது, மகள் பரிசளித்த கைக்கடிகாரத்தில் இ.சி.ஜி. எடுத்துக் காட்டினார். துடிப்பு சீராக உள்ளது என்றது கடிகாரம். மனைவியும் பேசாமல் இருந்துவிட்டார். வலி குறையாததால் ஐந்தரை மணிக்கு ஆட்டோவில் வந்து சேர்ந்தனர்.

இதயத்தின் முன்புறச் சுவரில் பெரிய மாரடைப்பு. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்தினோம், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் இழந்த இதயத் தசை மீளவில்லை. முன்பு தினமும் ஏரிக்கரையில் நடந்தவருக்கு இன்று மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. துடிப்பின் தாளம் சீராக இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும்; அத்தாளம் தவறுவதைக் கண்டறிவதில் அதற்குப் பயன் உண்டு. இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதை அறிய இதயத்தைப் பல கோணங்களிலிருந்து பார்க்க வேண்டும். மருத்துவமனை இ.சி.ஜி. பன்னிரண்டு கோணங்களில் பதிவு செய்கிறது. கடிகாரம் ஒரே கோணத்தில். ஏரியை ஒரு படித்துறையில் நின்று பார்ப்பதற்கும் கரை முழுவதும் சுற்றி வந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இக்கருவியால் மாரடைப்பைக் கண்டறிய இயலாது என்று அதைத் தயாரிப்பவர்களே எழுதி வைத்திருக்கின்றனர். அந்தச் சிறிய எழுத்துகளை நம்மில் யார் படிக்கிறோம்?

இதனால் செயற்கை நுண்ணறிவே பயனற்றது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 45,000 நோயாளிகளின் இ.சி.ஜி. பதிவுகளை அவர்களுடைய எக்கோ பரிசோதனை முடிவுகளோடு இணைத்துக் கணினிக்குப் பயிற்சி அளித்தனர். அதன் பின்னர், வேறு நோயாளிகளின் இ.சி.ஜி.யை மட்டும் கொண்டே, இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்திருப்பதை அக்கணினி பெருமளவு சரியாகக் கணித்தது. இருபது ஆண்டுகளாக இ.சி.ஜி. பார்த்து வரும் என் கண்ணுக்கு அந்தக் குறிகள் புலப்படுவதில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. எக்கோ வசதி இல்லாத சிற்றூர்களில், யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிய இது உதவும்.

எனினும், கணினி எவரைப் பார்த்துக் கற்றது என்பதும் முக்கியம். மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணிக்க உலகெங்கும் பயன்பட்ட கணக்கு, 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்தது. நம்மவர்களுக்கோ மேலைநாட்டினரை விடச் சில ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ மருத்துவமனைக் குழுமம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2018இல் இந்தியர்களின் தரவுகளைக் கொண்டே ஒரு கணிப்பு முறையை உருவாக்கியதற்குக் காரணம் இதுதான். புகையிலைப் பழக்கம், உடலுழைப்பு, மன அழுத்தம் ஆகியவற்றையும் அது கணக்கில் கொள்கிறது.

இயந்திரம் எவ்வளவு விரைவாகப் படித்தாலும், படிப்பதற்கு இ.சி.ஜி. தாள் வேண்டுமல்லவா? தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடும் அவசர ஊர்தியோடும் இணைத்து மாரடைப்பு நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த ஒரு திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இ.சி.ஜி.யை உடனே எடுத்ததும், அதை உரியவருக்கு அனுப்பியதும், நோயாளியை உரிய இடத்திற்குக் கொண்டு சேர்த்ததும் அதற்குத் துணை நின்றன. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகள் கொண்ட முதல் மருந்தளவைக் கொடுத்து நோயாளியை அனுப்பி வைக்கின்றனர். (இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களே மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சுவலிக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் இம்மருந்துகளே ஆபத்தாகும்.)

ஆகவே நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மேல்வயிற்று உபாதையாகவும் மாரடைப்பு வரக்கூடும். கடிகாரமோ கைப்பேசிச் செயலியோ என்ன சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் எடுத்த முதல் இ.சி.ஜி.கூடச் சில வேளைகளில் இயல்பாகவே இருக்கும். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுக்கிறோம். டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். பணத்திற்காகத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று சிலர் வருந்துவது என் காதில் விழுந்திருக்கிறது.

மற்றொரு வழக்கம் அண்மையில் பெருகி வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவ அறிக்கையை உரையாடும் செயலியில் பதிவேற்றி, அது தரும் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றனர். அன்பினால் செய்வதுதான், அறிக்கையில் உள்ள சொற்களின் பொருளை அறியவும், என்னிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார் செய்யவும் அது நல்ல துணை. அக்கேள்விகளைக் கொண்டு வாருங்கள், மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன். ஆனால் ஸ்டென்ட் பொருத்திய சில மாதங்களில், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அப்பதிலைப் படித்து நிறுத்திவிட்டால், ஸ்டென்ட்டே திடீரென அடைபடலாம். உங்களுக்கு எந்தக் குழாயில், எந்த நிலையில் ஸ்டென்ட் வைத்தோம் என்பது அச்செயலிக்குத் தெரியாது. ஆகவே எந்த மாத்திரையையும் நிறுத்தும் முன் எங்களைக் கேளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய இ.சி.ஜி. தாளைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவரின் கைப்பேசியிலும் வைத்திருங்கள். அத்தாளின் எழுத்துகள் நாளடைவில் மங்கிவிடும். புதிய மாற்றம் எது, பழைய தழும்பு எது என்று பிரித்தறிய எங்களுக்கும் கணினிக்கும் அந்தப் பழைய தாள் தேவை. மேலே கூறிய பெரியவரின் முந்தைய ஆண்டு இ.சி.ஜி. அவர் வீட்டுப் பீரோவில், மின்கட்டண அட்டைகளுக்கு அடியில் இருந்தது. மறுநாள் மாலைதான் அதை எடுத்து வந்தார்கள்.