பரணில் தூங்கும் அரசு லேப்டாப்: தூக்கி போடலாமா? தட்டி எழுப்பலாமா?

மதுரை: தல்லாகுளம் பக்கம் பல வீடுகளில் பழைய அரசு லேப்டாப் ஒன்று பீரோ மேலயோ பரணிலோ கிடக்கிறது. தூக்கி போட மனசு வரல. ஆன் பண்ணினா ஸ்கிரீன் வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

2011 செப்டம்பர் 15-ந்தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம் இது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவிகளுக்கு கிடைத்தது. பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

எல்லோருக்கும் பிடித்தது பேட்டரிதான். 2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம் கரன்ட் கட் என்றால், நம்ம ஊருக்கு 10 மணி நேரத்துக்கும் மேல! பேன் ஓடாத வீட்டில் லேப்டாப் வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைகள் உண்டு. படமும் பார்த்தார்கள், அது வேற கதை.

பிடிக்காதது? முதலில் வந்தவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் நிறைய பேர் அந்தப்பக்கமே போகல. பாவம், இலவசமா கிடைச்ச நல்ல சாமான்.

அடுத்த புலம்பல், சூடு. மே மாதம் மதுரையில் வெயில் 40 டிகிரியை தொடும். அப்போது மெத்தை மேல், தலையணை மேல் வைத்தால் அடியில் காற்று போகும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் குட்டி பேனில் தூசி வேற. அதனால்தான் 'உய்ங்' என்று இரைச்சல். சூடு ஏறினால் மெஷின் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். பேட்டரி ஆயுசும் குறையும். பலகை மேல் வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பேனை சுத்தம் செய்யுங்கள். பாதி பிரச்சினை தீரும்.

பழைய மாடலில் பேட்டரியை கழற்றி மாட்டலாம். புதுசுகளில் உள்ளேயே பூட்டி விடுகிறார்கள். அது வீங்கினால் சுலபத்தில் தெரியாது. மவுஸ் பகுதி மேலே தூக்கினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ உஷார்! உடனே சார்ஜரை பிடுங்குங்கள். குத்திப்பார்க்கவோ, அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியில் போடாமல், மின்னணு கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சரி, மெதுவாக ஓடும் பழசை என்ன செய்ய? அதில் இருப்பது தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் முழிச்சுக்கும். 2 ஜி.பி. ராமை 4 ஆக்கினால் இன்னும் நல்லது. விண்டோஸ்-7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ்-10க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. அதனால் பழைய விண்டோசில் பேங்க் வேலை வேண்டாம். இலவச லினக்ஸ் போட்டால் டைப்பிங், இன்டர்நெட், பிள்ளைகள் பாடம் எல்லாம் ஓடும். மதர்போர்டே போயிருந்தால் செலவு செய்யாதீர்கள், பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. கடையில் கொடுக்கும் முன் கல்யாண போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாவற்றையும் பென்டிரைவில் காப்பி எடுத்துக்கோங்க. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால், பழசை கையோட கேட்டு வாங்கிட்டு வாங்க.