மீன் இல்லாத ஏரி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் 1,800 மீட்டருக்கு மேலே ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. அநேகமாக அவற்றில் எதிலுமே ஒரு காலத்தில் மீன் கிடையாது. பனியாறுகள் பாறையைக் குடைந்து விட்டுப்போன பள்ளங்கள் அவை. பனி விலகியதும் பள்ளங்களில் நீர் தேங்கியது. ஆனால் கீழே ஆறுகளில் இருந்த மீன்கள் ஏறி வர முடியாதபடி நடுவில் அருவிகள் நின்றன. இன்று கோடையில் முதுகுப்பையோடு அங்கே போகிறவர்கள் கண்டு மகிழும் ட்ரவுட் மீன்கள் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பால் கேன்களில் மீன்குஞ்சுகளை நிரப்பி, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி அனுப்பினார்கள். 1950களிலிருந்து விமானத்தில் பறந்தபடியே ஏரிகளில் கொட்டினார்கள். வீணாகக் கிடக்கும் நீரைத் தூண்டில்காரர்களுக்குப் பயன்படும்படி செய்கிறோம் என்றுதான் நம்பினார்கள். ஆங்கிலேயர் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததும் இதே ஆசையில்தான்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் டுவாலமி மெடோஸ் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நண்பர்களோடு அங்கிருந்து மேலே ஏறிப் போனபோது இரண்டு ஏரிகளை அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தது. முதல் ஏரி பெரியது. அடியில் கிடக்கும் கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. தூண்டில் கொண்டுவந்த நண்பன் வந்த சோர்வெல்லாம் மறந்து வேலையில் இறங்கிவிட்டான். ட்ரவுட்டைத் தவிர அந்தக் கரையில் வேறு உயிர் எதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு மேட்டைத் தாண்டினால் இன்னொரு ஏரி. அங்கே மீன் இல்லை. “டேய், கல்லு நகருதுடா!” என்று முன்னால் போனவன் கத்தினான். வெயிலில் சூடேறிய முழங்கால் ஆழ நீரில், கல்லோடு கல்லாகப் பழுப்பு நிறத் தலைப்பிரட்டைகள் விரல் நீளத்துக்கு நெருக்கியடித்துக் கிடந்தன. பாறை விளிம்பில் தவளைகள் வெயில் காய்ந்தன. தாவும்போது பின்னங்காலின் உட்பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. நீரிலிருந்து வெளியேறி இறக்கை முளைத்த மேஃப்ளை பூச்சிகளின் தோல்கூடுகள் கற்களில் ஒட்டியிருந்தன. இந்தத் தவளை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் என்பதால் தொடாமல் நின்று பார்த்தோம்; ஏரியின் பெயரையும் அதனால்தான் இங்கே எழுதவில்லை. ஆய்வுக்காகக் கையில் எடுப்பவர்கள், இது பூண்டு வாடை விடும் என்கிறார்கள்.

சியரா நெவாடா மஞ்சள்கால் தவளை என்பது இதன் பெயர். ட்ரவுட்டுக்கு இது இத்தனை எளிதாக இரையாவதற்கான காரணம் குளிரில் இருக்கிறது. நம் ஊர்க் குட்டையில் தலைப்பிரட்டை சில வாரங்களில் தவளையாகிவிடும். இங்கே நீர் உறைந்து கிடக்கும் மாதங்களே அதிகம். வளரக் கிடைப்பது குறுகிய கோடை மட்டும். ஆகவே தலைப்பிரட்டை தவளையாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை குளிர்காலங்களையும் அது பனிக்கட்டிக்கு அடியில், நீருக்குள்ளேயே கழித்தாக வேண்டும். வளர்ந்த தவளையும் அப்படியே. அடிவரை உறைந்துபோகும் குட்டை இவற்றுக்கு உதவாது. ஆழமான ஏரிதான் வேண்டும். ட்ரவுட் பிழைப்பதும் அதே ஆழமான ஏரியில்தான். ஒளிய வேறு இடமில்லை.

இது தெரியாமல் நடந்ததும் அல்ல. யோசெமிட்டியின் விலங்குகளைப் பற்றி விலங்கியலாளர்கள் ஜோசப் கிரின்னெலும் ட்ரேசி ஸ்டோரரும் எழுதிய நூல் 1924இல் வெளிவந்தது. உயரமான பகுதிகளில் மிக அதிகமாகக் காணப்படும் தவளை இதுதான் என்றும், ட்ரவுட் விட்ட ஏரிகளில் இதன் தலைப்பிரட்டைகள் இருப்பதில்லை என்றும் அதில் பதிவு செய்திருந்தார்கள். யோசெமிட்டியில் மீன் விடுவது நின்றது 1991இல். அதற்குள் மலைத்தொடர் முழுவதும் இந்தத் தவளை அருகிக்கொண்டிருந்தது. தன் பழைய இருப்பிடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அது இழந்துவிட்டது. அறுபது ஆண்டுக்கு மேல் அந்தப் பதிவைப் புத்தகத்திலேயே விட்டுவைத்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

மீனை எடுத்துவிட்டால் தவளை திரும்புமா? உயிரியல் ஆய்வாளர் வான்ஸ் வ்ரெடன்பர்க் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவின் ஏரிகளில் இதைச் சோதித்தார். செவுள் வலை போட்டு ட்ரவுட்டை முழுவதும் அகற்றினார். மூன்றே ஆண்டுகளில் அந்த ஏரிகளின் தவளைத் தொகை, என்றுமே மீன் விடாத ஏரிகளின் அளவை எட்டியது. இந்த முடிவு 2004இல் வெளியானது. ஆய்வாளர் ரோலண்ட் நாப்பும் அவருடைய குழுவினரும் யோசெமிட்டியில் இருபது ஆண்டுகளில் எடுத்த 7,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளை 2016இல் வெளியிட்டார்கள்: தவளைகள் ஆண்டுக்கு சராசரியாக 11 சதவீதம் பெருகி, ஏழு மடங்காகியிருந்தன.

தவளைக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். உயரமான பாறைகளில் கூடு கட்டும் ரோசி ஃபிஞ்ச் என்ற சிறு பறவை, ஏரியிலிருந்து எழும் மேஃப்ளைகளைத் தேடி வரும். ட்ரவுட் உள்ள ஏரிகளில் அந்தப் பூச்சிகள் இறக்கை முளைக்கும் முன்பே தின்னப்பட்டுவிடுவதால், மீனில்லாத ஏரிகளில்தான் இந்தப் பறவை பல மடங்கு அதிகம் என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது. தலைப்பிரட்டையைத் தின்னும் கார்ட்டர் பாம்பின் பிழைப்பும் மீனில்லாத ஏரிகளையே நம்பியிருக்கிறது.

இதற்கிடையே இன்னொரு எதிரி வந்து சேர்ந்தது: தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை. தவளை தோலால்தான் நீரையும் உப்பையும் உறிஞ்சுகிறது. பூஞ்சை பற்றினால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். பல ஏரிகளில் தவளைக் கூட்டங்கள் மொத்தமாக மடிந்தன. ஆனாலும் யோசெமிட்டியின் சில ஏரிகளில் பூஞ்சை தொற்றியும் பிழைத்துக்கொண்ட கூட்டங்கள் இருந்தன. அவற்றிலிருந்து தவளைகளை எடுத்து, தவளை அற்றுப்போன ஏரிகளில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றில் பல கூட்டங்கள் நிலைத்துப் பெருகுகின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஆனால் ட்ரவுட் உள்ள ஏரியில் தவளைகளை விட்டுப் பயனில்லை. அதனால் மீனை அகற்றும் வலைக்காரர்கள் முதலில் போக வேண்டியிருக்கிறது. ஏரி அளவில் சிறியதாகவும், கீழிருந்து மீன் மறுபடி ஏற முடியாதபடி ஓடையில் அருவி உள்ளதாகவும் இருந்தால்தான் வலை முழுப் பலன் தரும். பெரிய ஏரிகளில் ட்ரவுட் இருந்துகொண்டுதான் இருக்கும். உரிமம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே தாராளமாகத் தூண்டில் போடலாம்.