மூடி போட்ட பிறகும் நொதிக்கும் பீர்: ‘ட்ரை ஹாப்பிங்’கில் பாட்டில் வெடிப்பது ஏன்?

ரசம் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கொத்தமல்லி தூவுவார்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் முழுக்க ஆவியோடு போய்விடும். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கும் ‘ஹோம்ப்ரூவர்’கள் ஹாப்ஸ் என்ற பூவை வைத்துச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். பெயர் மட்டும் கொஞ்சம் ஸ்டைலாக ‘ட்ரை ஹாப்பிங்’.

ஒரே வித்தியாசம், கொத்தமல்லி ரசத்தில் சும்மா மிதக்கும். ஹாப்ஸ் சும்மா இருக்காது. மூடி போட்டு அலமாரியில் வைத்த பாட்டில் சில வாரங்கள் கழித்து வெடித்து, கண்ணாடி சிதறும் அளவுக்குக்கூட உள்ளே வேலை பார்க்கும்.

(தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம்தான் ஹோம்ப்ரூயிங்குக்கு வழி திறந்தது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம். விற்கக் கூடாது.)

ஏன் கடைசியில் போடுகிறார்கள்?

ஹாப்ஸ், கஞ்சா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பூ. போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூவிதழ்களுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் தூள்தான் சரக்கு. அதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கொதிக்கும்போது கசப்பாக மாறும் அமிலங்கள். இன்னொன்று, எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம் என்றெல்லாம் மணக்கும் எண்ணெய்கள். கொதிக்கவிட்டால் கசப்பு கிடைக்கும், மணம் பறந்துவிடும். அதனால் மணத்துக்கான ஹாப்ஸைத் தனியாக எடுத்துவைத்து, பீர் ஆறி, ஈஸ்ட் தன் வேலையை ஏறக்குறைய முடித்த பிறகு போடுகிறார்கள்.

இது புது டெக்னிக் இல்லை. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்த பீரின் பீப்பாய்களிலேயே ஹாப்ஸ் போட்டுத்தான் அனுப்பினார்கள். ‘இந்தியா பேல் ஏல்’, சுருக்கமாக ஐபிஏ என்ற பெயர் அந்த வணிகத்தில் வந்ததுதான். இன்று ட்ரை ஹாப்பிங் அதிகம் நடப்பதும் ஐபிஏ வகையில்தான், முக்கியமாக ஆரஞ்சு ஜூஸ் மாதிரி கலங்கலாக இருக்கும் நியூ இங்கிலாந்து ஐபிஏவில்.

எவ்வளவு, எத்தனை நாள்?

இங்கேதான் பலரும் கணக்கை விடுகிறார்கள். ‘நிறைய போட்டால் நிறைய மணம்’ என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டாம் ஷெல்ஹேமரின் குழு கேஸ்கேட் ரக ஹாப்ஸை வைத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் எலுமிச்சை வாசம் அதே வேகத்தில் கூடவில்லை. டீத்தூள், மூலிகை வாசம்தான் தூக்கலாகத் தெரிந்தது. 20 லிட்டர் தயாரிப்புக்கு இந்த வரம்பு 160 கிராம். அதற்கு மேல் போடுவது பெரும்பாலும் காசுக்குப் பிடித்த கேடு. ஹாப்ஸ் பீரை உறிஞ்சிக்கொள்வதால் கையில் கிடைக்கும் பீரும் குறையும்.

நாள் கணக்கும் அப்படித்தான். பழைய கையேடுகள் ஒரு வாரம், இரண்டு வாரம் ஊறவிடச் சொல்லும். பெல்லட் வடிவ ஹாப்ஸ் என்றால் மணத்தின் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் தாராளம்.

வெடிப்பது எப்படி?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. மால்ட்டிலிருந்து வரும் டெக்ஸ்ட்ரின் போன்ற நீளமான மாவுச்சத்துத் துண்டுகளை மட்டும் அதனால் தின்ன முடியாது. அவை பீரிலேயே தங்கிவிடும். ஹாப்ஸில் கொஞ்சூண்டு என்சைம்கள் இருக்கின்றன. கொதிக்கவைத்தால் அவை செத்துப்போகும். ஆறிய பீரில் போடும்போது உயிரோடு இறங்கி, அந்த டெக்ஸ்ட்ரினைச் சின்னச் சின்ன சர்க்கரையாக நறுக்கிக் கொடுக்கின்றன. சும்மா உட்கார்ந்திருந்த ஈஸ்ட்டுக்கு மறுபடி விருந்து. இதற்குப் பெயர் ‘ஹாப் க்ரீப்’.

பிரவுன், மோரிஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1893-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். ஹாப்ஸை அள்ளிப்போடும் ஃபேஷன் வந்து, பாட்டில்களில் அழுத்தம் எகிறத் தொடங்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆபத்து எவ்வளவு? ஹோம்ப்ரூவர்கள் பாட்டிலில் அடைக்கும்போது அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். அதை ஈஸ்ட் தின்றால்தான் பீரில் கேஸ் ஏறும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை, ஒரு ‘வால்யூம்’ கேஸ் தரும். சாதாரண பீரில் இருப்பது சுமார் 2.5 வால்யூம். ஹாப் க்ரீப்பில் இன்னொரு 8 கிராம் சர்க்கரை உருவானால் மொத்தம் 4.5 ஆகிவிடும். சாதாரண பீர் பாட்டில் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஒருமுறை உபயோகித்த பாட்டிலைக் கழுவி மறுபடி அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

தப்பிக்க என்ன வழி?

முதலில் ஹைட்ரோமீட்டர். பீரின் அடர்த்தி மூன்று நாள் மாறாமல் இருந்தால் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் ஹாப்ஸ் போடுவதற்கு முன் எடுத்த ரீடிங் இதற்குச் செல்லாது. போட்ட பிறகு மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சோம்பேறித்தனத்தில் விடுவதால்தான் பல விபத்துகள்.

அடுத்து மூக்கு. ஹாப் க்ரீப் நடந்தால் டையாசிடைல் என்ற பொருளும் உருவாகும். தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசம் அடிக்கும். கொஞ்சம் பீரை மூடிய ஜாடியில் எடுத்து, சுமார் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் முகர்ந்து பார்ப்பார்கள். வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் வேலை இன்னும் பாக்கி. அறை வெப்பத்திலேயே சில நாள் விட்டால் அதுவே சுத்தம் செய்துவிடும். சிலர் ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே பீரை 10-14 டிகிரிக்குக் குளிரவைத்து ஈஸ்ட்டை அடியில் படியவிடுகிறார்கள். என்சைம் வேகமும் குறையும்.

ஆக்ஸிஜன் இன்னொரு எதிரி. ஹாப்ஸ் போட மூடியைத் திறந்தாலே காற்று உள்ளே போகும். கலங்கலான ஐபிஏ சில வாரங்களில் பழுப்பாகி, அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும். இதற்கு ஹோம்ப்ரூவர்கள் கண்டுபிடித்த ஜுகாட் அருமையானது. ஹாப்ஸ் பையில் ஒரு காந்தம் வைத்து, பிளாஸ்டிக் தொட்டியின் உள்சுவரில் மேலே ஒட்டவைப்பார்கள். பிடித்து நிறுத்த வெளியே இன்னொரு காந்தம். நேரம் வந்ததும் வெளிக்காந்தத்தை எடுத்தால் பை ‘தொபுக்’கென்று பீருக்குள் விழும். மூடி திறக்க வேண்டியதே இல்லை.

வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையை எங்கே கொட்டுகிறோம் என்பதும் முக்கியம். நாய்களுக்கு அது விஷம். தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நாய் வளர்க்கும் வீடுகளில் தோட்டத்து உரக்குழியில் போடாமல், இறுக மூடிய குப்பைத்தொட்டியில்தான் போட வேண்டும்.