கருக்கலைப்பு மாத்திரை... கணவர் கையெழுத்து கட்டாயமா? சட்டம் சொல்வது என்ன?

கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும், ‘கணவர் வந்திருக்கிறாரா?’ என்பதுதான். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. ஆனால், சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை.

யார் சம்மதம் தேவை?

1971-ல் இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 18 வயதுக்குக் கீழ் என்றால், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பெண்ணின் பெயர், விவரங்களை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

எத்தனை வாரம் வரை?

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு அனுமதி உண்டு. திருமணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாத்திரை எப்போது?

மிஃபெப்ரிஸ்டோன், மிஸோப்ரோஸ்டால் என்ற இரண்டு மாத்திரைகளை 9 வாரம் வரை, மருத்துவர் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம். 2015-ல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவிகிதம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை மூலம் நடந்தவை.

இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டோடு போனாலும் ‘ஸ்டாக் இல்லை’ என்கிற கடைகளும் உண்டு. கருவின் பாலினம் அறிந்து கலைப்பதைத் தடுக்கும் சோதனைகளில் சிக்கிவிடுவோமோ என்ற பயம் இதற்கு ஒரு காரணம். ஆனால், 9 வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா, பெண்ணா என்று தெரியவே தெரியாது.

ஏன் மருத்துவர் அவசியம்?

கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் வளர்ந்தால் இந்த மாத்திரை பலன் தராது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கடுமையான ரத்தசோகை, ரத்தம் உறையாத பிரச்னை உள்ளவர்களுக்கும் மாத்திரை ஏற்றதல்ல. எத்தனை வாரம் என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரைக்குப் பிறகு வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் இயல்பு. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, தொடர் காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மயக்கம் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றினாலும், இரண்டு வாரம் கழித்து ஒரு பரிசோதனை அவசியம்.

வெட்கத்திலும் பயத்திலும் நாள்கள் ஓடினால், 9 வாரம் தாண்டிவிடும். மாத்திரையில் முடிய வேண்டியது அறுவை சிகிச்சை வரை போகலாம். மாதவிடாய் தள்ளிப்போன சில நாள்களிலேயே பரிசோதித்துக்கொள்வது நல்லது. கணவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.