பதக்கத்தின் நாடா

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் நம் நண்பர் ஒருவர் வசிக்கிறார். ஸோவியத் மாதிரி டி-72 டாங்கிகளைச் செய்த ஆவடித் தொழிற்சாலை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வாசனையோ என்னவோ, ஸோவியத் யுத்தப் பதக்கங்களைச் சேகரிப்பதில் அவருக்கு அபார மோகம். நாம் போயிருந்த சமயம் வீட்டிலேயே ஒரு சிறு யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

'வீரத்துக்காக' என்று ருஷ்ய மொழியில் பொறித்த பதக்கம் ஒன்றின் நாடா இற்றுப் போயிருந்தது. "இந்தக் கந்தலை எறிந்துவிட்டுப் புது நாடா தைத்துத் தருகிறேனே!" என்றார் வீட்டு அம்மாள். "தொடாதே! அசல் போய்விடும்!" என்று அலறினார் நண்பர். தீர்ப்புச் சொல்லும் பாரம் நம் தலையில் விழுந்தது.

நேயர்களே, அசல் என்பது எது? 1938-ல் இப்பதக்கம் ஏற்பட்டபோது சிறு சிவப்பு நாடாவில் தொங்கியது. 1943 ஜூனில் ஸோவியத் ஸர்க்காரே அதை மாற்றி, ஐங்கோணத் தகட்டில் நீல ஓரமிட்ட சாம்பல் நிற நாடாவைச் சுற்றச் சொல்லிவிட்டது. முன்பே பதக்கம் பெற்றவர்களும் புது நாடாவுக்கு மாறினார்கள். அதனால் அவர்கள் வீரம் போலியாகிவிடுமா? பட்டு நாடா வியர்வையில் நைவதும் பூச்சி அரிப்பதும் இயற்கை. மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதை மறைத்து விற்பதே மோசம்.

மோசத்தைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு ஓரளவு உதவும். பிற்காலத்து நூலில் சேர்த்த வெண்மையூட்டும் ரஸாயனம் அவ்வொளியில் நீலமாகப் பளிச்சிடும். ஆனால் பழைய நாடாவை இக்காலத்துச் சோப்புத் தூளில் துவைத்தாலும் பளிச்சிடக்கூடும். ஆகையால் விளக்கு ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

நாடாவே இல்லாத கௌரவமும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் ஈரான் வழியாக ருஷ்யாவுக்குத் தளவாடங்கள் சென்றன. அந்தப் பணிக்காக, இந்திய ராணுவ ஸர்வீஸ் படையைச் சேர்ந்த இருவருக்கு 1944-ல் ஸோவியத் ஸர்க்கார் 'செந்நக்ஷத்திர' விருது அளித்தது. ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸுபேதார் நாராயணராவ் நிக்கம்; மற்றவர் இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங். செந்நக்ஷத்திரம் நாடாவில் தொங்குவதல்ல. சட்டையில் திருகாணியால் பொருத்துவது. நக்ஷத்திரத்தை அணியாத வேளையில் அதற்குப் பதிலாக அணியும் சிறு பட்டையில் மட்டுமே அதன் நாடா உண்டு. அதை நாடாவில் தொங்கவிட்டு "அசல்" என்று எவராவது நீட்டினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி, நம் தீர்ப்பையும் சொன்னோம்: பதக்கத்துக்குப் புது நாடா சுற்றலாம், பழைய கந்தலை மட்டும் எறியலாகாது. வீரன் மார்பில் கிடந்தது அதுவாகவும் இருக்கலாம் அல்லவா?

அம்மாள் ஊசி நூலை எடுத்து வந்தார். நண்பர் கந்தலைக் காகித உறையில் பத்திரப்படுத்தி, மாற்றிய தேதியை மேலே எழுதினார். நமக்குக் காபி கிடைத்தது.